யால்மரிக்குக் காற்று ஆகாது

குவோப்பியோ, உன் சமையலறை மேசை
ஜனவரி 4, 1988

அக்கா,

கட்டடக் காவலர் உன் வீட்டுச் சாவி கொடுத்தார். நீ பள்ளிக்கூடத்தில் சமைத்துக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து வந்தேன். வேண்டுமென்றுதான்.

யால்மரியை உன் மகன் காலி செய்துவிட்டுப் போன அறையில் வைத்திருக்கிறேன். நான் கேட்டு எழுதியதற்கு உன் தபால் அட்டையில் "கொண்டு வா" என்று மட்டும் இருந்தது. அதற்கு நன்றி. வழக்கமாக அவனைப் பார்த்துக்கொள்ளும் நண்பன் ஸ்வீடனுக்கு வேலைக்குப் போய்விட்டான். எனக்கு மே மாதம்வரை பனி உடைக்கும் கப்பலில் வேலை. கேட்க வேறு ஆள் இல்லை.

அவன் மலைப்பாம்பு இல்லை, போவா என்ற இனப் பாம்பு. விஷம் கிடையாது. வயது ஒன்பது. ஒழுங்காக வைத்துக்கொண்டால் முப்பதுவரைகூட இருப்பான்.

கண்ணாடிப் பெட்டியின் ஒரு முனை முப்பத்திரண்டு டிகிரி, மறுமுனை இருபத்தாறு. சூடு வேண்டுமென்றால் இங்கே வருவான், போதுமென்றால் அங்கே போவான். இரண்டு முனையும் அவனுக்கு வேண்டும், ஆகவே சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகைத் தொடாதே. தண்ணீர்த் தட்டைத் தினமும் மாற்று. குளிர்காலத்தில் வீட்டுக்காற்று காய்ந்திருக்கும், காலையில் பெட்டிக்குள் கொஞ்சம் தண்ணீர் தெளி. ஈரம் இல்லாவிட்டால் சட்டை துண்டுதுண்டாக உரியும், கண்மேல் உள்ள தோல் அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

சாப்பாடு உன் ஐஸ் பெட்டியில், ஐஸ்கிரீம் டப்பாவில். நாலு வாரத்துக்கு ஓர் எலி. நன்றாகப் பனி விட்டபிறகு வெந்நீரில் சூடாக்கி, இடுக்கியால் நீட்டு. தின்ற பிறகு சில நாள் தூக்காதே, கக்கிவிடுவான். நீ இரக்கப்படுவாய். படாதே. வீட்டில் வளர்க்கும் போவா பட்டினியால் சாவதைவிட அன்பால் சாவதுதான் அதிகம்.

தூக்கும் முறை: மேலிருந்து கை நீட்டாதே. மேலிருந்து வருவதெல்லாம் அவனுக்குக் கழுகு. பக்கவாட்டில் போ. முதலில் ஒரு காகிதச் சுருளால் உடம்பில் மெல்லத் தட்டு, வந்திருப்பது சாப்பாடு இல்லை என்று அவனுக்குத் தெரியும். பிறகு இரண்டு கையாலும் அடியில் தாங்கு. இறுக்காதே. அசையாமல் நில். மற்றதை அவன் பார்த்துக்கொள்வான்.

அந்தப் பழைய விஷயத்தைப் பற்றி நான் எழுதவில்லை.

காப்பி குடித்தேன். கோப்பையைக் கழுவி வைத்திருக்கிறேன்.

ரெய்யோ


குவோப்பியோ
ஜனவரி 12

ரெய்யோ,

இரண்டு வருஷம் கிணற்றில் போட்ட கல் மாதிரி இருந்துவிட்டு, ஒரு நாள் பூனை போல வீட்டுக்குள் வந்து, பாம்பை வைத்துவிட்டு, கோப்பையையும் கழுவி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். திருடன்கூட ஏதாவது கலைத்துப் போடுவான்.

முதலில் ஐஸ்கிரீம் டப்பா. என் ஐஸ் பெட்டியில் இருப்பதெல்லாமே ஐஸ்கிரீம் டப்பாதான். லிங்கன்பெரிப் பழம் ஒன்பது டப்பா, காளான் நாலு, மீன் இரண்டு. இந்த நாட்டில் ஐஸ்கிரீம் டப்பாவில் ஐஸ்கிரீம் மட்டும்தான் இருக்காது என்பது உனக்குத் தெரியாதா? மேலே ஒரு வார்த்தை எழுதி ஒட்டியிருக்கக் கூடாதா? பக்கத்து வீட்டு லெம்பி சாப்பிட வந்திருந்தாள். ஈரல் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள லிங்கன்பெரி என்று நினைத்து ஒரு டப்பாவை மதியமே எடுத்து வெளியில் வைத்திருந்தேன். மேசையில் வைத்து மூடியைத் திறந்ததே லெம்பிதான்.

உள்ளே எலிகள். குனிந்து பார்த்தாள். "ஹில்க்கா, பென்ஷன் வர்றதுக்கு முன்னாடியே இப்பிடி ஆயிட்டியா? சொல்லியிருந்தா நான் கொஞ்சம் கறி கொண்டாந்திருப்பேன்ல" என்றாள். பிறகு மூடியை மூடிவிட்டு, ஈரல் சோற்றை வெறுமனே சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள். நல்ல மனுஷி.

நமக்கு ஞான உபதேசம் சொல்லிக்கொடுத்த பாதிரியார் பெயரைப் பாம்புக்கு வைத்திருக்கிறாய். முகச்சாடையும் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. அவரைப் போலவே வாயைத் திறக்காமல் என்னை முறைக்கிறான். இதுவரை தொடவில்லை. தண்ணீர் மாற்றுகிறேன், தெளிக்கிறேன், பெட்டியைப் பளிங்காகத் துடைக்கிறேன். என் வீட்டில் புழுக்கமான காற்றில் யாரும் இருந்ததில்லை. தினமும் காலையில் ஜன்னலை விரியத் திறந்து பத்து நிமிஷம் காற்றாட விடுகிறேன். பாவம், அவனுக்கும்தான் மூச்சு முட்டுமே என்று அவன் மூடியையும் திறந்து வைக்கிறேன். ஆகவே கவலைப்படாதே.

பழைய விஷயத்தைப் பற்றி நீ எழுதாவிட்டால் நான் எழுதுகிறேன். அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்து காப்பி குடித்தபோது, எல்லார் முன்னாலும் சொன்னேன்: "இவன் பாம்பைத் தவிர வேற யாரையும் தொட்டதே இல்ல." சொன்னது சொன்னதுதான். குழிக்குப் பக்கத்தில் நான் விழப் போகிற மாதிரி நின்றேன். நீ பக்கத்திலேயே கையைக் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டு நின்றாய். போனில் பேசலாம் என்று தோன்றும். ஆனால் நீ பேசாமல் இருப்பதைக் கேட்க நான் காசு கட்ட வேண்டுமா?

ஹில்க்கா


கெமி துறைமுகத்துக்கு வெளியே, கடலில்
ஜனவரி 24

அக்கா,

நாங்கள் கரைக்குப் போகவில்லை. பனி தடித்துவிட்டது. சரக்குக் கப்பல் இரண்டு நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. தபால் பை வரவில்லை, ஆகவே நீ எழுதினாயா என்று தெரியாது. இது எப்போது போகும் என்றும் தெரியாது.

யால்மரி புது இடத்தில் முதல் மாதம் தின்னாமல் இருக்கலாம். பயப்படாதே. நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தால் நலமாக இருக்கிறான் என்று அர்த்தம். மூச்சுச் சத்தமே கேட்கக் கூடாது. கேட்டால் மட்டும் எழுது.

எஞ்சின் அறையில் முப்பத்தாறு டிகிரி. மேல்தளத்தில் மைனஸ் முப்பது. சூடு வேண்டுமென்றால் கீழே வருகிறேன், போதுமென்றால் மேலே போகிறேன். இங்கே எல்லோரும் யால்மரியை விசாரிக்கிறார்கள். சமையல்காரர் தினமும் "உன் தம்பி எப்பிடி இருக்கான்?" என்கிறார்.

ரெய்யோ


குவோப்பியோ
பிப்ரவரி 5, வெள்ளி

ரெய்யோ,

இதைப் படிக்கும் முன் உட்கார். யால்மரிக்கு உடம்பு சரியில்லை.

திங்கட்கிழமை தலையை மேலே தூக்கிக்கொண்டு அப்படியே இருந்தான். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கெட்டில் கொதிக்கும் முன் வருமே, அந்த மாதிரி ஒரு மெல்லிய விசில். வாயோரத்தில் சின்னக் குமிழி. எலியை நீட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டான். அன்றைக்குத்தான் உன் இரண்டாவது கடிதமும் வந்தது. "மூச்சுச் சத்தமே கேட்கக் கூடாது" என்று படித்ததும் மறுபடி பெட்டியில் காதை வைத்துக் கேட்டேன்.

இந்த ஊரில் பாம்பு வைத்தியருக்கு எங்கே போவேன்? அவுனேயைக் கூப்பிட்டேன். பண்ணை மாடுகளுக்கு வைத்தியம் பார்ப்பவள். பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள், வந்தவள் அறை நடுவில் நின்று ஜன்னலைப் பார்த்தாள்.

"இத யாரு தொறக்கிறது?"

"நான்தான். காலையில பத்து நிமிஷம். எல்லாரும் தொறக்கிறதுதானே?"

"வெளிய எவ்வளவு குளிரு?"

"இன்னைக்கு மைனஸ் இருபத்தாறு."

"இவன் மூடிய?"

"அதையும்தான் தொறந்து வச்சேன். அவனுக்கும் நல்ல காத்து வேணாமா?"

பையைக் கீழே வைத்தாள். "ஹில்க்கா, மாடு, குதிரை, ஒரு தடவ மயிலுக்குக்கூட நான் மருந்து குடுத்திருக்கேன். நல்ல காத்தால சாகக் கிடக்கிற ஜீவன இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றாள்.

பெட்டிக்குள் அவன் தேடிப் போகிற சூட்டையெல்லாம் தினமும் காலையில் நானே திறந்து வெளியே விட்டிருக்கிறேன். நுரையீரலில் சளி. ஹெல்சிங்கியில் தெரிந்தவர் யாருக்கோ போன் போட்டு அளவு கேட்டு, ஊசி போட்டாள். மூன்று நாளைக்கு ஒரு தடவை இனி நான் போட வேண்டும். முதல் ஊசியின்போது அவனை நான்தான் பிடித்தேன். பக்கவாட்டில் போய், தட்டிவிட்டு, அடியில் கை கொடுத்து. நீ எழுதியிருந்தபடியேதான். வழவழவென்று ஈரமாக இருப்பான் என்று நினைத்திருந்தேன். காய்ந்து, சுத்தமாக, கனமாக இருந்தான். என் முழங்கையைச் சுற்றிக்கொண்டு அப்படியே கிடந்தான். அவனுக்கு என்மேல் கோபமே இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை, அழுதுவிட்டேன்.

சூடும் ஈரமும் நிறைய வேண்டும் என்கிறாள். நாளைக்குச் சனிக்கிழமை. எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. சொன்னால் நீ வேண்டாம் என்பாய், ஆகவே சொல்லவில்லை.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு நீ என்னிடம் கேட்ட ஒரே காரியம் இது. இவன் செத்துவிட்டால் நீ இனி ஆயுசுக்கும் என்னோடு பேசமாட்டாய். எனக்குத் தெரியும்.

ஹில்க்கா


கெமி துறைமுகம்
பிப்ரவரி 13

அக்கா,

உன் இரண்டு கடிதமும் ஒரே பையில் வந்தன. பழையதை முதலில் படித்தேன். ஜன்னல் என்ற இடத்தில் எழுந்து நின்றுவிட்டேன். அடுத்ததைப் படித்துவிட்டு உடனே ஒரு பதில் எழுதினேன். நல்ல பதில் இல்லை. மேலே போய் அதைக் கிழித்துக் கடலில் போட்டேன். கடல்தான் பனியாயிற்றே, துண்டெல்லாம் கப்பலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. காவலில் இருந்தவன் "என்னப்பா, காதல் தோல்வியா?" என்றான்.

குளிர்காலத்தில் ஜன்னலைத் திறக்காதே என்று நான் எழுதவில்லை. என் வீட்டில் அக்டோபரிலேயே ஜன்னல் இடுக்கையெல்லாம் காகிதம் ஒட்டி அடைத்துவிடுவேன். திறப்பது என்ற எண்ணமே எனக்கு வராது. அம்மா வீட்டில் காலையில் நாம் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்ததை எப்படி மறந்தேன்? ஜன்னலைத் திறக்கிற பழக்கம் அம்மாவிடமிருந்து உனக்கு வந்தது. எனக்குச் சளி மட்டும்தான் வந்தது.

ஊசியை உடம்பின் முன்பாதியில்தான் போட வேண்டும். அவுனேக்குத் தெரிந்திருக்கும். தண்ணீர் குடிக்கிறானா பார். சாப்பாடு இப்போது வேண்டாம், மூச்சு சரியாகட்டும். உன் யோசனை என்னவாக இருந்தாலும், வெப்பமானியைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

ஒன்று சொல்ல வேண்டும். அவன் செத்தாலும் பேசுவேன்.

இன்னொன்று. நீ அன்றைக்குச் சொன்னது பாதிதான் சரி. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் நீ கிளம்பிப் போன பிறகு நான் வருவேன். அம்மா தூங்கிக்கொண்டிருப்பாள். அவள் கைக்கு அடியில் என் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இறுக்காமல். நர்ஸ் யாராவது வந்தால் கையை எடுத்துக் கோட்டுப் பையில் விட்டுக்கொள்வேன். கல்லறையிலும் அப்படியே நின்றுவிட்டேன். உன் பக்கம் எப்படி வருவது என்று எனக்குத் தெரியவில்லை.

யால்மரி எப்படி இருக்கிறான்? எழுது. சீக்கிரம்.

ரெய்யோ


குவோப்பியோ
மார்ச் 20

ரெய்யோ,

பிழைத்துவிட்டான். அட்டையில் சொன்னேன், இப்போது விரிவாகச் சொல்கிறேன்.

நீ ஆஸ்பத்திரியைப் பற்றி எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அம்மா திங்கட்கிழமைகளில் "ராத்திரி கை சூடா இருந்துச்சு" என்பாள். மருந்து மயக்கம் என்று நினைத்தேன். இதற்குமேல் எழுத எனக்கு வரவில்லை. சௌனாவைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் கட்டடத்தில் எல்லோரும் முறை வைத்து நீராவிக் குளியல் போடும் சௌனாவில் சனிக்கிழமை எனக்கு ஐந்து மணி முறை. அடுத்தது கௌகோ, எங்கள் கட்டடக் கமிட்டித் தலைவர். அன்றைக்கு நான் குளிக்கவில்லை. போனதும் அடுப்பை அணைத்தேன், கதவைத் திறந்து வைத்தேன், அடுப்பின்மேல் உள்ள கல்லெல்லாம் ஆறுகிறவரை காத்திருந்தேன். முப்பத்திரண்டுக்கு இறங்கியதும் யால்மரியைக் குளியல் அங்கிக்குள் வைத்துக்கொண்டு கீழ்ப்படியில் உட்கார்ந்தேன். தரையில் வெந்நீர் ஊற்றி வைத்திருந்ததால் காற்று மெத்தென்று ஈரமாக இருந்தது. அவன் உடம்பு அப்படியே தளர்ந்து என் மடியில் வழிந்தது. எனக்கு நேரம் போனதே தெரியவில்லை.

கதவில் கௌகோ. இடுப்பில் துண்டு, கையில் பீர்.

"ஹில்க்கா, உன் நேரம் முடிஞ்சிடுச்சு."

"தெரியும் கௌகோ. இங்க பாம்பு இருக்கு, உள்ள வராதீங்க."

"பாம்பு இருக்கிறது தெரியுது. அடுப்ப யாரு அணைச்சா?"

"நான்தான்."

"சனிக்கிழம. சௌனா. அடுப்ப அணைச்சிருக்க."

பாம்பென்றால் படையும் நடுங்கும். கௌகோ நடுங்கியது ஆறிப்போன அடுப்பைப் பார்த்துத்தான். முப்பது வருஷமாக இந்தக் கட்டடத்தில் சண்டை வந்திருக்கிறது, குடித்துவிட்டு விழுந்திருக்கிறார்கள், ஆனால் அடுத்தவன் முறையில் அடுப்பு ஆறியதில்லையாம். நான் யால்மரியின் நோயைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே வந்து, கொஞ்சம் தள்ளி, அதே படியில் உட்கார்ந்தார். விசில் சத்தம் அவருக்கும் கேட்டது. "எங்கப்பாவுக்கும் இப்பிடித்தான் இழுக்கும்" என்றார். பீர் முடிகிறவரை இருந்துவிட்டு, குளிக்காமலே போனார்.

செவ்வாய்க்கிழமை கமிட்டிக் கூட்டம். வீட்டை விட்டுப் போகச் சொல்வார்கள் என்றுதான் போனேன். கௌகோ எழுந்து, "சனிக்கிழமை கடைசி முறைக்கு அப்புறம் கல்லு ஆறுற சூடு சும்மாதான் வீணாப் போகுது" என்றார். லெம்பி உடனே கை தூக்கினாள். இப்போது சௌனாச் சுவரில் உள்ள பலகையில் கடைசிப் பெயர் யால்மரி. ஒரே நிபந்தனை: எல்லோரையும் போல அவனும் துண்டு விரித்துத்தான் உட்கார வேண்டும்.

நாலு சனிக்கிழமை போனோம். விசில் நின்றது. குமிழி போனது. ஊசியை நிறுத்தினோம். நேற்று எலியை நீட்டினேன். நாக்கு வந்தது, உள்ளே போனது, மறுபடி வந்தது, பிறகு என்ன நடந்தது என்று நான் பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது. முன்னூறு பிள்ளைகள் தட்டைக் காலி செய்வதைத் தினமும் பார்க்கிறவள் நான், ஆனால் இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை. தட்டு காலியானால் இன்னொரு கரண்டி போட்டே பழகிய கை, இரண்டாவது டப்பாவைத் திறந்துவிட்டது. அன்பால் சாவது பற்றி நீ எழுதியது நினைவுக்கு வந்தது. மூடி உள்ளே வைத்துவிட்டேன். அது லிங்கன்பெரி டப்பா என்பது வேறு விஷயம்.

அக்கா


ஓவுலு துறைமுகம்
ஏப்ரல் 25

அக்கா,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு அறையில் சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள். நான் படிக்கவில்லை, சமையல்காரர் படித்தார். "அடுப்ப யாரு அணைச்சா" என்ற இடத்தில் கேப்டன் உட்பட எல்லோரும் கௌகோ பக்கம். அம்மாவைப் பற்றிய இடத்தை மடித்துக் கொடுத்திருந்தேன்.

"ராத்திரி கை சூடா இருந்துச்சு" என்று அம்மா சொன்னது எனக்குத் தெரியாது. எழுதியதற்கு நன்றி.

பனி இளகிக் கறுத்துவிட்டது. கப்பல் இப்போது வெண்ணெயில் கத்தி போவது மாதிரி போகிறது. சீக்கிரம் எங்களை வேலையிலிருந்து விட்டுவிடுவார்கள். மே பதினான்காம் தேதி மத்தியான ரயிலில் வருகிறேன். யால்மரியை எடுத்துக்கொண்டு சாயங்கால ரயிலில் என் ஊருக்குப் போய்விடுவேன், உனக்கு மேலும் தொந்தரவு வேண்டாம். ஸ்டேஷனுக்கு வராதே. எல்லோரும் ஓடிவந்து கட்டிப்பிடிக்கிற இடத்தில் எனக்கு எப்படி நிற்பது என்று தெரியாது. வீட்டுக்கே வருகிறேன்.

ரெய்யோ


குவோப்பியோ
மே 6

ரெய்யோ,

போன வாரம் யால்மரியின் கண்ணில் பால் பூத்தது. நிறம் மங்கி, பாதிரியார் சாடை இன்னும் கூடிவிட்டது. சட்டை உரிக்கப் போகிறான் என்று தெரிந்து, இந்தத் தடவை நான் பதறவில்லை. இரண்டு வேளையும் தண்ணீர் தெளித்தேன், தொடாமல் விட்டேன். நேற்று வேலையிலிருந்து வந்தபோது சட்டை பெட்டியில் கிடந்தது, உதட்டிலிருந்து வால் நுனிவரை ஒரே துண்டு, எங்கும் கிழியவில்லை. இரண்டு கண்மேலும் இருந்த தோலும் அதிலேயே இருந்தது. அவுனே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுக்குமேல ஆரோக்கியத்துக்கு என்ன அத்தாட்சி வேணும்?" என்றாள். சௌனாவில் துணி காயப்போடும் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறேன். கௌகோ வந்து அளந்து பார்த்தார்.

புது உடம்பில் அவன் வெயில் பட்டால் வானவில் தெரிகிறான். வெயிலும் வந்துவிட்டது. வெளியே பதினெட்டு டிகிரி, ஆனாலும் அவன் அறை ஜன்னலை நான் திறப்பதில்லை. சமையலறையைத் திறந்து வைத்து என் ஆசையைத் தீர்த்துக்கொள்கிறேன்.

சாயங்கால ரயிலில் போக முடியாது. பதினான்காம் தேதி சனிக்கிழமை. யால்மரிக்கு முறை இருக்கிறது, உனக்கும் என் ஐந்து மணியைக் கொடுத்திருக்கிறேன். அடுப்பு அணையாது, கௌகோ சத்தியம் வாங்கிக்கொண்டிருக்கிறார். ஏலக்காய் ரொட்டி சுடுவேன். லெம்பியும் வருவாள். லிங்கன்பெரி இருக்கிறது, எல்லா டப்பாவிலும் பெயர் எழுதி ஒட்டிவிட்டேன்.

ஸ்டேஷனுக்கு வராதே என்கிறாய். வருவேன். நீ பயப்படாதே, முறையெல்லாம் இப்போது எனக்குத் தெரியும். ஓடிவர மாட்டேன், மேலிருந்து பாய மாட்டேன். பக்கவாட்டில் வருவேன். முதலில் கையிலிருக்கும் காகிதச் சுருளால் உன் முதுகில் மெல்லத் தட்டுவேன், வந்திருப்பது கழுகு இல்லை என்று உனக்குத் தெரிவதற்காக. பிறகு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அசையாமல் நிற்பேன். இறுக்க மாட்டேன்.

மற்றதை நீ பார்த்துக்கொள்.

அக்கா